குக்கர் விசிலும் குடும்ப ஜெபமும்: பயனுள்ள குறிப்புகள்

எங்கள் அம்பத்தூர் மேனாம்பேட்டில் காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை எந்த வீட்டிலும் ஒருவருக்கும் கை ஓயாது. எஸ்டேட் (தொழிற்பேட்டை) ஷிப்டு, அம்பத்தூர் ஸ்டேஷன், ஸ்கூல் வேன் என்று ஆளுக்கொரு பக்கம் ஓட்டம்தான். அதனால் வேதவாசிப்புக்கும் ஜெபத்துக்கும் புதிதாக நேரம் தேடாதீர்கள் தோழிகளே. தினமும் செய்கிற வேலையோடு அவற்றை முடிச்சுப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் செய்து பார்த்து நிலைத்தவற்றை எழுதுகிறேன். உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டதும் வேதாகமத்தைக் கையில் எடுங்கள். தொட்டி நிறைவதற்குள் ஒரு அதிகாரத்தை நிதானமாக வாசித்து முடிக்கலாம். நீங்கள் அங்கேயே இருப்பதால் தண்ணீர் வழிந்து வீணாகாது, கரண்ட் பில்லும் ஏறாது.

2. சங்கீதம் 117 இரண்டே வசனம்; 133 மூன்று, 23 ஆறு, 121 எட்டு. இந்த நாலையும் அட்டையில் எழுதி அடுப்பு மேடைக்கு எதிரே ஒட்டினால், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். துணிக்கடை பிளாஸ்டிக் கவரை அட்டைமேல் மாட்டிவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு படியாது.

3. நீதிமொழிகளில் 31 அதிகாரம். இன்றைக்கு என்ன தேதியோ அந்த அதிகாரம். அடையாள நாடா வேண்டாம், எங்கே விட்டோம் என்று தேடவும் வேண்டாம். ஒரு நாள் தப்பினால் விட்டதைப் பிடிக்க உட்காராதீர்கள், அடுத்த மாதம் அதே தேதியில் அது தானாக வரும்.

4. சங்கீதங்களை ஒரே மாதத்தில் முடிக்க ஒரு சுலபக் கணக்கு: தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 5ஆம் தேதி என்றால் 5, 35, 65, 95, 125. 29ஆம் தேதி வருகிற 119ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம். அதை மட்டும் 31ஆம் தேதிக்கு ஒதுக்கி வைத்தால் அன்றைக்கு ஆற அமர வாசிக்கலாம்.

5. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரத்தில் முடிந்துவிடும். சனி, ஞாயிறு கல்யாணம், விருந்தாளி என்று எது வந்தாலும் கணக்கு தவறாது.

6. முழு வேதாகமத்தையும் ஒரு வருஷத்தில் வாசிக்க நினைப்பவர்களுக்கு: மொத்தம் 1,189 அதிகாரம், திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து. ஜனவரியில் ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த 27 அதிகாரத்தோடு எபிரெயர் நிருபத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பலி, ஆசாரியன், கூடாரம் எல்லாம் எதற்கு என்பது விளங்கிவிட்டால் களைப்பு தெரியாது.

7. லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்று வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சரியாக முடியும். ஸ்டார் கட்டுகிற நாளிலேயே தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.

8. லெந்து நாட்களுக்கு யோவான் பொருத்தம். 21 அதிகாரம், இரண்டு நாளைக்கு ஒன்று என்று சாம்பல் புதனில் தொடங்கினால் பாடு வாரத்தின் செவ்வாய்க்கிழமையோடு முடிந்து நாலு நாள் மிஞ்சும். அந்த வியாழனில் 13ஐயும், பெரிய வெள்ளியில் 18, 19ஐயும் மறுபடி வாசியுங்கள். ஆலயத்தில் பிரசங்கம் கேட்கும்போது ஒவ்வொரு காட்சியும் தெரிந்த இடமாக இருக்கும்.

9. மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கும்போது ரூத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலே அதிகாரம், நாலு சாயங்காலம். ஒரு நாள் அத்தை, ஒரு நாள் நீங்கள் என்று மாற்றி மாற்றி வாசித்தால் பேச்சு எங்கெங்கோ போய் நல்ல இடத்தில் வந்து நிற்கும்.

10. வாடகை போர்ஷனில் தனி ஜெப அறைக்கு எங்கே போவது? ஒரு பாயைக் கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்தி, ஜெபத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அந்தப் பாயை விரித்துவிட்டால் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகள் பழகிவிடுவார்கள், டிவி சத்தமும் தானாகக் குறையும்.

11. குடும்ப ஜெபம் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பாட்டு, பத்துப் பன்னிரண்டு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பெரியவர் ஒருவரே உலகம் முழுவதையும் சுற்றிவந்து ஆமென் சொல்வதற்குள் சின்னது தூங்கிவிடும். மறுநாள் அதைப் பாயில் உட்கார வைப்பதே பெரும்பாடு.

12. அதையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்தபின் உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும்.

13. தினம் ஒரு பாட்டு என்று புரட்டாமல் மாதத்துக்கு ஒரே கீர்த்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளைப் பாட்டுப் புத்தகம் இல்லாமலே பாடிய தலைமுறை நமக்கு முந்தினது. மாதம் ஒன்று என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு பாட்டு, பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

14. 1964இல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து நம்ம பக்கத்தில் பல வீடுகளில் ஷிப்டுதான் கடிகாரம். அப்பா ரெண்டாம் ஷிப்டு போகிற வாரத்தில், அன்றைய வசனப் பகுதியைப் பிள்ளை வாசிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். அவர் டீ இடைவேளையில் கேட்பார். பிள்ளைக்கும் தப்பில்லாமல் வாசிக்கிற பழக்கம் வரும்.

15. நைட் ஷிப்டு முடித்துக் காலையில் வருகிறவருக்கு அதுதான் ராத்திரி. அவரை அப்போதே குடும்ப ஜெபத்துக்கு உட்காரச் சொல்லாதீர்கள், குளித்து நாலு இட்லி சாப்பிட்டுப் படுக்கட்டும். மாலையில் எழுந்து காபி குடிக்கிற நேரம்தான் அவருடைய அதிகாலை. வேதாகமத்தையும் கண்ணாடியையும் காபி டம்ளருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

16. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு ஒரு ஜெபம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பட்டரவாக்கத்தில் எஸ்டேட் தொழிலாளர்களுக்காக. கொரட்டூரில் ஏரிக்கும் மழைக்கும் தண்ணீருக்கும். வில்லிவாக்கத்தில் பள்ளிக்கும் காலேஜுக்கும் போகிற பிள்ளைகளுக்காக. லோகோ ஒர்க்ஸும் கேரேஜ் ஒர்க்ஸும் ரயில்வே ஊழியர்களுக்கு, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு, வியாசர்பாடி ஜீவா வேலை தேடுகிற இளைஞர்களுக்கு. பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டால் எரிச்சல்படாதீர்கள், உறவில் முறுகி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல அதுதான் நேரம். சென்ட்ரலில் இறங்கினால் எதிரே பெரிய ஆஸ்பத்திரி. புத்தகமும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்; கம்பியைப் பிடித்து நின்றபடியே ஒன்பது ஸ்டேஷனுக்கும் ஜெபிக்கலாம்.

17. சி.டி.எச். ரோட்டில் 108 சைரன் கேட்டால் முதலில் வண்டியை இடப்பக்கம் ஒதுக்குங்கள், அடுத்தது உள்ளே இருப்பவருக்காக ஒரு வரி ஜெபம். வரிசை மாறக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் இதைப் பார்த்தே பழகிக்கொள்ளும்.

18. துணி இஸ்திரி போடும்போது யாருடைய சட்டை கையில் இருக்கிறதோ அவருக்காக ஜெபியுங்கள். யூனிபாரம் வந்தால் அந்தப் பிள்ளையின் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை வாரத் துணி மொத்தத்தையும் ஒரே தடவையாகப் போட்டால் கரண்டும் மிச்சம், குடும்பத்தில் யாரும் விட்டுப்போகவும் மாட்டார்கள்.

19. பாத்திரம் தேய்க்கிற நேரத்தைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பாரிஸில் ஒரு கர்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் (மறைவு 1691), அடுப்படி இரைச்சலுக்கு நடுவிலேயே கடவுளோடு பேசப் பழகியவர். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் உலகம் இன்றும் படிக்கிறது. அவரைப்போல் நாமும் ஒரு கடாய்க்கு ஒரு நன்றி என்று தொடங்கலாம்.

20. போன வருஷத்து நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்தால் ஜெபக் குறிப்பு நோட்டு தயார். இடப்பக்கம் விண்ணப்பமும் தேதியும். வலப்பக்கத்தைக் காலியாக விட்டு, பதில் வந்த அன்று எழுதுங்கள். நாம் கேட்டதற்கு மாறாக வந்த பதிலையும் மறைக்காமல் எழுதுங்கள். வருஷக் கடைசியில் புரட்டும்போது அந்தப் பக்கங்கள்தான் அதிகம் பேசும்.

21. ஒருவர் ஜெபிக்கச் சொல்லி நம்மிடம் சொன்னது நம்மோடு நிற்கட்டும். குழந்தையில்லாத விஷயம், கடன், கணவன் மனைவி பிணக்கு, ஸ்கேன் ரிப்போர்ட் இதையெல்லாம் அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஜெபம் ஆகாது, ஊர்ப்பேச்சு ஆகிவிடும். குழுவில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும், ஆண்டவருக்கு யார் என்று தெரியும்.

22. தினம் கிழிக்கிற வசனக் காலண்டர் தாளைக் குப்பையில் போடாதீர்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் மளிகைச் சீட்டுக்கு ஆகும். வசனம் மட்டும் இருக்கிற துண்டை வெட்டி டிபன் பாக்ஸ் மூடிக்குள் செருகி அனுப்பலாம். மத்தியானம் திறக்கும்போது வீட்டின் நினைவும் சேர்ந்து வரும்.

23. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், தினமும் திறக்கிற இடம் அது. ஆனால் அந்த வசனத்தோடு நிற்காமல் அது இருக்கிற அதிகாரம் முழுவதையும் ஜனவரி முதல் வாரத்திலேயே வாசித்துவிடுங்கள். யாருக்கு, எந்தக் கஷ்டத்தில், எதற்காகச் சொல்லப்பட்டது என்று தெரிந்தால்தான் வருஷம் முழுக்க அதைப் பற்றிக்கொள்ள முடியும். இல்லையென்றால் அது அதிர்ஷ்டச் சீட்டு மாதிரிதான்.

24. சமைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுகிற கைப்பிடி அரிசிப் பழக்கம் நம் பாட்டிமார் கொடுத்த சொத்து. ஒரு பிடி ஏறக்குறைய 45 கிராம். இரண்டு வேளை சமைக்கிற வீட்டில் மாதத்துக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் சேரும், செலவு கையைக் கடிக்கவே கடிக்காது. மிசோரமில் 1910இல் தொடங்கிய இதே பழக்கத்தை அந்த ஊர்ப் பெண்கள் இன்றும் விடவில்லை. சபையின் ஊழியத்துக்கு அது பெரிய பலம். டப்பாவில் இரண்டு வசம்புத் துண்டு போட்டால் வண்டு வராது. மாதக்கணக்கில் தேக்காமல் அந்தந்த மாதக் கடைசியில் சபைக்கோ, தெருவில் தனியாக இருக்கிற பாட்டிக்கோ கொடுத்துவிடுங்கள். சாறிபாத் விதவையின் மாவுப் பானைக் கதையை (1 இராஜாக்கள் 17) அன்றைக்கு வாசித்துவிட்டுக் கொடுக்கப் போனால், பிள்ளைகள் தாங்களே பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்கள்.

25. உபவாச நாளில் மிச்சமாகிற சாப்பாட்டுக் காசை அன்றே எடுத்து உறையில் போடுங்கள், அப்புறம் என்றால் மற்ற செலவில் கரைந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தள்ளவே கூடாது. அவர்கள் சீரியலையோ, மாலை டீ பஜ்ஜியையோ, போனையோ விடலாம். உபவாசத்தில் அதற்கும் இடமுண்டு.

26. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முந்நூறு வருஷம் தாண்டிவிட்டது. வேப்பேரியில் இருந்து உழைத்த ஃபப்ரிசியஸின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1772இல் வந்தது. அப்படிப்பட்ட ஊரில், எழுத்து சின்னது என்று நம் அப்பா அம்மா வேதாகமத்தை மூடி வைத்திருப்பது எனக்குத் தாங்காது. சென்ட்ரல் பக்கம் போகும்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகே மெமோரியல் ஹாலில் இருக்கிற வேதாகமச் சங்கக் கடையில் பெரிய எழுத்துப் பதிப்பைக் கேளுங்கள். பிறந்தநாளுக்குப் புடவை, வேட்டிக்குப் பதில் அதை வாங்கிக் கொடுத்தால் தினமும் பயன்படும்.

27. கண்ணில் புரை விழுந்த பெரியவர்களுக்கு ஒலி வேதாகமத்தைப் பழைய போனில் இறக்கிக் கொடுங்கள். இரவில் மீதமிருக்கிற டேட்டாவிலேயே ஒரு புத்தகமாக இறக்கி வைத்தால் மறுநாள் நெட் இல்லாமலே கேட்கும். சிம் எடுத்துவிட்ட போன் என்றால் இடையில் யாரும் கூப்பிட்டுக் கலைக்கவும் மாட்டார்கள்.

28. வேதாகமத் தாள் மெல்லிசு. கிழிந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், ஒரு வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துப் பிய்க்கும். மெல்லிய வெள்ளைத் தாளைச் சின்னப் பட்டையாக வெட்டி, நீர்க்கக் காய்ச்சிய மைதாப் பசையை லேசாகத் தடவி ஒட்டி, கனமான புத்தகத்தை மேலே வையுங்கள். நிழலில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து அலமாரியில் போட்டால் பூச்சி அண்டாது.

29. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும்: ஐப்பசி பிறந்ததும் வேதாகமம், ஞானஸ்நான, கல்யாணச் சான்றிதழ்களை ஜிப் கவரில் போட்டு மேல் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். தப்பி நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்க வேண்டாம், தாள் சுருண்டுவிடும். பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளைச் செருகி ஃபேன் காற்றில் நிறுத்தி, ஈரமான தாளை அடிக்கடி மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை இறங்கும்.

30. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் ஏறவில்லையா? ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் சிலேட்டில் எழுதி, அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தினம் இரண்டு எழுத்தை அழித்துக்கொண்டே வந்தால் சனிக்கிழமைக்குள் சிலேட் காலி, வசனம் தலைக்குள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் சங்கீதம் 119ஐ எடுங்கள், எட்டு எட்டு வசனமாக 22 பகுதி, வாரத்துக்கு ஒன்று.

31. கத்தோலிக்கத் தோழிகளுக்கு: ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளையும் ஆளுக்கு ஒரு பத்தாக முன்னின்று சொன்னால் யாருக்கும் அலுக்காது. திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. இதைச் சின்னச் சீட்டில் எழுதி மாலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

32. பரீட்சை சமயத்தில் "நல்ல மார்க் கொடும், காணிக்கை போடுகிறோம்" என்று பேரம் பேசப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். படிக்க உட்காருமுன் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி அமைதியாக இருக்கட்டும், போன் அம்மாவிடம் இருக்கட்டும். ரிசல்ட் எப்படி வந்தாலும் அன்றைக்கு நன்றி ஜெபமும் பாயசமும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

33. வீட்டுக்காரரோடு பேச்சு நின்றிருக்கிற நாளில் ஜெபப் பாயை விரிக்குமுன் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். மத்தேயு 5:23-24 சொல்கிற ஒழுங்கும் அதுதான், முதலில் சமாதானம், பிறகு காணிக்கை. மன்னிப்பு கேட்க நாவு எழாவிட்டாலும் இந்த ஒரு கேள்விக்கு எழும்.

34. வாசித்து முடித்ததும் "இன்றைக்கு இதை யாருக்குச் செய்வது?" என்று கேட்டு ஒரு பெயரையும் ஒரு காரியத்தையும் துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வேலைக்காரம்மாவுக்கு முன்பணம், மாடிவீட்டு அக்காவுக்கு ரசம் சாதம், ஊரில் தம்பிக்கு ஒரு போன், எதுவானாலும் சரி. செய்து முடித்தால் சீட்டைக் கிழித்துவிடுங்கள். செய்யாமல் விட்டால் மறுநாள் புது அதிகாரத்துக்குப் போகாமல் அதே பகுதியை வாசியுங்கள். யாக்கோபு 2ஆம் அதிகாரம் படித்தவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

35. சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைக் குழந்தையோ நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிறவரோ இருப்பார்கள். குடும்ப ஜெபத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டாம், பாட்டும் நம் நாலு சுவருக்குள் கேட்டால் போதும். பொங்கலுக்கு நம் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் அனுப்புகிறவர்கள் அவர்கள். கிறிஸ்துமஸ் கேக் முதல் துண்டு அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

36. எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒடிசா, பீகார் பையன்கள் ஒரே ரூமில் ஏழெட்டுப் பேர் தங்கியிருப்பது நம் தெருக்களில் சாதாரணம். கிறிஸ்துமஸ் மத்தியானம் கூடுதலாக ஒரு படி அரிசி போட்டுப் பிரியாணியை அவர்களுக்குக் கொடுத்தனுப்புங்கள். பாஷை தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். ஊரில் இருக்கிற அவரவர் அம்மா பெயரை மட்டும் கேட்டு வந்து ஜெப நோட்டில் எழுதுங்கள்.

37. ஞாயிறு காலைப் பரபரப்பைச் சனிக்கிழமை மாலையே முடித்துவிடுங்கள்: காணிக்கை உறை, இஸ்திரி போட்ட துணி, அரைத்த மசாலா. குழம்பு கொதிக்கிறதே என்று பாதி ஆராதனையில் கடிகாரம் பார்க்கிற வேலை இருக்காது. குழம்பு கொதிக்கிறதே என்று பாதி ஆராதனையில் கடிகாரம் பார்க்கிற வேலை இருக்காது.

38. மெடிக்கல் ஃபைலுக்குள் சங்கீதங்கள் அடங்கிய சின்னப் புதிய ஏற்பாடு ஒன்றை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். உள் அட்டையில் ரத்த வகை, சாப்பிடுகிற மாத்திரைகள், சபைப் போதகரின் போன் நம்பர், கூப்பிட்டால் ஓடிவருகிற இரண்டு பேரின் நம்பர் எழுதியிருக்கட்டும். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்த ஒரு ஃபைலை எடுத்தால் போதும். வெளியே பெஞ்சில் காத்திருக்கிற நேரத்தில் 91ஐயும் 121ஐயும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்கும்படி மெதுவாக வாசிக்கலாம், அவர் சரி என்றால்.